கேர் டிபென்டென்ஸி கிராண்ட் ரிஜெக்ட் ஆயிடுச்சு: அப்பீலா, புதுசா போடணுமா?

சாட்ஸ்வொர்த் வள்ளி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தென்காசி பக்கம், கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்தவ. வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அவர் தமிழ் காவடிப் பாட்டோட சரி. அதனாலதான் இங்க கேக்கறேன். பையனுக்கு ஏழு வயசு. ஆட்டிசம்னு அரசு ஆஸ்பத்திரியிலயே எழுதிக் குடுத்திருக்காங்க. சாசாவுல, அதான் இங்க அரசு உதவித்தொகை குடுக்கற ஏஜென்சியில, கேர் டிபென்டென்ஸி கிராண்டுக்கு (கடுமையான ஊனமுள்ள பிள்ளையைப் பாத்துக்க மாசாமாசம் வர்ற பணம்) போட்டிருந்தோம். மெடிக்கல் அன்னிக்கு டாக்டர் இங்கிலீஷ்ல "உன் பேரு என்ன?"ன்னு கேட்டார். இவன் அதே ராகத்துல அப்படியே அவர்கிட்ட திருப்பிக் கேட்டான். டாக்டர் சிரிச்சுட்டு ஏதோ எழுதினார், அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு. இப்ப லெட்டர் வந்திருக்கு. பேசறானாம், நடக்கறானாம், கடுமையான ஊனம் இல்லையாம்.

அப்பீல் போடணுமா, புதுசா அப்ளை பண்ணணுமா? மாமியார் "விட்டுத் தள்ளு, வெளிய தெரிஞ்சா நாளைக்குத் தங்கச்சிக்கு யாரு பொண்ணு கேட்டு வருவா"ங்கறாங்க. (தங்கச்சிக்கு மூணு வயசு!) புருஷன் வேலையில இருந்தா எப்படியும் கிடைக்காதுன்னு பக்கத்து வீட்டு அக்கா வேற சொல்றாங்க.

பீனிக்ஸ் மீனா:
வள்ளி, மாமியார் பேச்சை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அந்த லெட்டரைக் கவரோட பத்திரமா வை. முடிவு தெரிஞ்ச நாள்லேர்ந்து 90 நாளுக்குள்ள அப்பீல் போகணும். அது சமூக மேம்பாட்டுத் துறையோட தனித் தீர்ப்பாயத்துக்குப் போகும். மெடிக்கல்ல எழுதினவரே திரும்பப் பார்த்து முடிவு சொல்ற கதை இல்ல.

புதுசா போடறதை விட அப்பீல்தான் என் கணக்கு. கிராண்ட் கிடைச்சா விண்ணப்பிச்ச தேதியிலேர்ந்து பணம் வரும். புது விண்ணப்பம்னா தேதியும் புதுசு, இடையில போன மாசமெல்லாம் போனதுதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். எம் பையனுக்கு இப்போ பத்தொன்பது, இந்தக் கூத்தெல்லாம் பாத்தவ நான். ஆட்டிசம்னு ஒரு வார்த்தை பேப்பர்ல இருந்தா மட்டும் கிராண்ட் வராது. பிள்ளைக்கு நிரந்தரமாப் பராமரிப்பு வேணுமா, அதை யாரு செய்யறாங்கன்னுதான் அவங்க பாக்கணும். கை கால் நல்லா இருக்கற பிள்ளையைப் பாத்து அதை அஞ்சு நிமிஷத்துல யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. நீதான் எழுதிக் காட்டணும். உன் மவன் கேள்வியைத் திருப்பிச் சொன்னான் பாரு, அதையே எழுது. பசிச்சா பசிக்குதுன்னு சொல்லுவானா? வயித்து வலின்னா எந்த இடம்னு காட்டுவானா? சொல்ல மாட்டான்னா, "பேசறான்"னு எழுதினது எப்படிச் சரியாகும்? பல் தேய்க்க, கழுவி விட யாரு வேணும், ராத்திரி எத்தனை மணிக்கு முழிக்கறான், கேட்டுக்கு ஏன் பூட்டு போட்டிருக்கீங்க, எல்லாம் வரட்டும். எங்க வீட்டுல சாவி என் கழுத்துத் தாலிக்கயித்துலதான் கெடந்துது. கேட்டு திறந்தா நேரா மெயின் ரோடு, டாக்ஸிக்காரன் எவனும் ஹார்ன் அடிக்கறதைத் தவிர வேற ஒண்ணும் செய்ய மாட்டான். இதை அப்படியே அஃபிடவிட்ல எழுதினேன். போலீஸ் ஸ்டேஷன்ல காசு வாங்காம சத்தியம் வாங்கி ஸ்டாம்ப் குத்திக் குடுப்பாங்க.

கூடவே டீச்சர்கிட்டயும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கிட்டயும் (அன்றாட வேலைகளைப் பழக்கறவங்க) லெட்டர் வாங்கு. "நல்ல பிள்ளை, முன்னேற்றம் தெரியுது"ன்னு பாசமா எழுதிடுவாங்க. அது வேற எடத்துக்கு. ஒத்தாசை இல்லாம எதெல்லாம் செய்ய முடியாதுன்னு எழுதச் சொல்லு.

வருமானம்: புருஷன் வேலையில இருந்தா கிடையாதுங்கறது சும்மா பேச்சு. தனியாள்னா மாச வருமானம் கிராண்டைப் போலப் பத்து மடங்கு வரை, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்துன்னா இருபது மடங்கு வரை போகலாம். 2025 ஏப்ரல்ல கிராண்ட் 2,310 ரேண்ட். அந்தக் கணக்குல ஜோடிக்கு 46,200 ரேண்ட் வரைக்கும்னு வச்சுக்க. நம்ம சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ்ல முக்காவாசிப் பேர் அதுக்குள்ளதான் இருப்பாங்க.

விண்ணப்பத்துக்கு ஒரு சென்ட் கிடையாது. ஆபீஸ் வாசல்ல "நான் முடிச்சுத் தரேன்"னு எவனாவது வந்தா நகந்து நில்லு. சாசா இலவச நம்பர் 0800 60 10 11. டர்பன்ல ஆக்‌ஷன் இன் ஆட்டிசம்னு ஒரு அமைப்பு இருக்கு, அங்க வர்ற அம்மாமார்கிட்டயும் பேசிப் பாரு.

லெனேசியா ராஜன்:
மீனாம்மா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். கிராண்ட் வந்தாலும் வராட்டாலும், வீட்டுக்காரர் வரி கட்டறவர்னா ஐடிஆர்-டிடி படிவத்தை (ஊனத்தை உறுதிப்படுத்தற வரிப் படிவம்) அந்தக் குறைபாட்டுல பயிற்சி உள்ள டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கி வீட்டுல வச்சுக்கட்டும். வரித்துறை சார்ஸ் கேட்டாக் காட்டணும். தகுதியான செலவுல, கைக்காசு போட்டுக் கட்டின தெரபி பில் உட்பட, 33.3 சதவீதம் வரியில கழியும். நிறையப் பேர் பில்லைத் தூக்கிப் போட்டுடறாங்க, மனசு எரியும் எனக்கு.

சாட்ஸ்வொர்த் வள்ளி:
ரொம்ப நன்றி மீனாக்கா, ராஜன் அண்ணா. அப்பீலே போடறேன். பதினெட்டு ஆனா இது நின்னுடும்னு கேள்விப்பட்டேன், அப்புறம்? நான் இந்தியப் பாஸ்போர்ட், இங்க பி.ஆர். (நிரந்தரமாத் தங்கற அனுமதி) மட்டும்தான், அதனால பிரச்சினை வருமா?

பீனிக்ஸ் மீனா:
பி.ஆர். போதும். பதினெட்டாவது பிறந்த நாள் வர்ற மாசக் கடைசியில கேர் டிபென்டென்ஸி நின்னுடும், அதுக்கப்புறம் பெரியவங்களுக்கான டிஸெபிலிட்டி (ஊனமுற்றோர்) கிராண்டுக்குப் போடணும். தானா மாறாது. மெடிக்கல் ரிப்போர்ட் மூணு மாசத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது, ரொம்ப முன்னாடியே வாங்கி வச்சுடாதே. அங்க பாக்கறது பையனோட சொந்த வருமானத்தை, உங்களோடதை இல்ல. முழுநேரமும் ஆள் வேணும்னா அதுக்கு மேல கிராண்ட்-இன்-எய்டுன்னு ஒண்ணு உண்டு, 2025-ல 560 ரேண்ட். நீ இப்ப அஃபிடவிட்டை எழுது, தமிழ்லயே எழுதி அனுப்பு, நான் இங்கிலீஷ்ல ஆக்கித் தரேன்.