செப்டம்பர் முதல் தேதி: புறா வேட்டை அனுபவங்கள்

டல்லாஸிலிருந்து:

டெக்சாஸில் புறா வேட்டைக்குப் போக எங்கிருந்து தொடங்குவது என்று நம் ஆட்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். போய்வந்த மற்றவர்களும் எழுதுங்கள்.

முதலில் காகித வேலை. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். அப்புறம் வேட்டை உரிமம், அதோடு வலசைப் பறவைகளுக்கான தனி அனுமதி. உரிமம் வாங்கும்போது போன பருவத்தில் எத்தனை புறா சுட்டீர்கள் என்று கேட்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். அந்தப் பதில்களை வைத்துத்தான் யார் யாரிடம் விரிவான கணக்கு வாங்குவது என்று முடிவு செய்கிறார்கள். எச்1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. இதில் மட்டும் நண்பர்கள் சொல்வதை நம்பாமல் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

என்னை முதன்முதலில் கூட்டிப் போனவர் என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர். கோல்மன் பக்கம் அவருடைய உறவினரின் பண்ணை. ஓரத்தில் மெஸ்கீட் மரங்கள் (நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம்), நடுவில் அறுத்துப் போட்ட சூரியகாந்தி வயல், மாடுகள் தண்ணீர் குடிக்கும் ஒரு குட்டை. துப்பாக்கியை எடுக்கும் முன் அவர் வயலை ஒரு சுற்று நடந்து பார்த்தார். யாராவது தானியம் கொட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான். விவசாயத்துக்காக அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் விதையைத் தின்ன வரும் புறாவைச் சுடலாம். புறாவை வரவழைக்க மூட்டையைக் கொட்டிய இடத்தில் சுடக் கூடாது. கொட்டியதை முழுக்க அள்ளிய பிறகும் பத்து நாள் அந்த இடம் தடை செய்யப்பட்டதுதான். கொட்டியது வேறு யாரோ என்று தப்பிக்கவும் முடியாது. பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியது சுடுபவரின் பொறுப்பு.

துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி ஒரு அடைப்பு இருக்க வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து அஸ்தமனம் வரைதான் நேரம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 15 புறா. அழும்புறா, வெள்ளையிறகுப் புறா, வெண்நுனிப் புறா மூன்றும் சேர்த்துத்தான் இந்த 15, அதில் வெண்நுனி இரண்டுக்கு மேல் கூடாது.

சட்டத்தில் இருப்பது இவ்வளவு. பெரியவர் வைத்திருந்த கட்டுப்பாடு இதைவிடக் கடுமை. பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால்தான் சுட வேண்டும். தாழப் பறப்பதைச் சுட்டால் வயலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் குண்டு படும். இன்னொன்று, விழுந்த புறா கைக்கு வரும் வரை அடுத்ததைச் சுடக் கூடாது. தலைக்கு மேலே கூட்டம் கூட்டமாகப் பறந்துகொண்டிருக்க, கொளுத்தும் வெயிலில் இடுப்பளவு புல்லுக்குள் குனிந்து ஒரே ஒரு புறாவை அவர் தேடியதைப் பார்த்த அன்றைக்குத்தான் இந்த வேட்டை எனக்குப் பிடித்துப்போனது. சுட்டதைத் தேடி எடுக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அவர் சட்டத்துக்குப் பயந்து தேடவில்லை.

மதியம் வனவிலங்குக் காவலர் வந்தார். உரிமம், துப்பாக்கி அடைப்பு, பை எல்லாம் பார்த்தார். ஒவ்வொருவர் சுட்டதும் தனித்தனியாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டிருந்தால் யாருடையது எத்தனை என்று சிக்கலாகியிருக்கும்.

மாலையில் வண்டியின் பின்கதவை இறக்கி உட்கார்ந்தபோது பெரியவர் மார்த்தா என்ற புறாவைப் பற்றிச் சொன்னார். ஒரு காலத்தில் அமெரிக்க வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறாக்கள் முன்னூறு கோடிக்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பீடு. தந்தி வந்ததும் கூட்டம் எங்கே இறங்குகிறது என்ற செய்தி பறந்தது. ரயில் வந்ததும் பீப்பாய் பீப்பாயாகச் சந்தைக்குப் போனது. கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் இடத்திலேயே போய் அடித்தார்கள். அந்த இனத்தின் கடைசிப் பறவையான மார்த்தா சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் இறந்தது 1914 செப்டம்பர் 1. இன்று டெக்சாஸின் வடக்கு, மத்திய மண்டலங்களில் புறாப் பருவம் தொடங்குவதும் அதே செப்டம்பர் 1. கனடாவுக்காக பிரிட்டனோடு 1916இல் போட்ட ஒப்பந்தமும் 1918 வலசைப் பறவைச் சட்டமும் வைத்த எல்லை அது. மார்ச் 10 முதல் அந்தத் தேதி வரை பறவையைத் தொடக் கூடாது. தேதிகள் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் முதல் தோட்டாவைப் போடும்போது மார்த்தாவை நினைத்துக்கொள்கிறேன். 15 என்ற எண்ணைக் குறைச்சல் என்று சலித்துக்கொள்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

சான் அன்டோனியோவிலிருந்து:

அண்ணா, எங்கள் பக்கம் வெள்ளையிறகுப் புறாதான் ராஜா. முன்பு இவை தெற்கே ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கின் ஆரஞ்சுத் தோப்புகளில் கூடு கட்டியவை. 1983 டிசம்பரிலும் 1989 டிசம்பரிலும் அடித்த உறைபனியில் தோப்புகள் கருகிப்போயின. புறாக்கள் வடக்கே ஊருக்குள் இருக்கும் பெரிய மரங்களில் ஏற்கெனவே குடியேறத் தொடங்கியிருந்தன. இப்போது எங்கள் தெரு ஓக் மரங்கள் நிறைய அவைதான். ஊருக்குள் சுட முடியாது. ஹோண்டோ பக்கத்து வயல்களுக்கு அவை இரைக்குப் போகும் வழியில்தான் என் கணவரும் நண்பர்களும் காத்திருப்பார்கள். தெற்கு மண்டலத்தில் வழக்கமான பருவம் செப்டம்பர் நடுவில்தான் தொடங்கும். அதற்கு முன் வெள்ளையிறகுக்கென்று சில சிறப்பு நாட்கள் உண்டு.

ஒருமுறை அவர் கொண்டுவந்த புறாவின் காலில், ஆய்வாளர்கள் மாட்டும் எண் பொறித்த வளையம் இருந்தது. எண்ணைப் பதிவு செய்தோம். எங்கே, எப்போது வளையம் மாட்டினார்கள் என்று பதில் வந்தது. வளையம் கிடைத்தால் தயவுசெய்து பதிவு செய்யுங்கள், எத்தனை பறவை சுடலாம் என்று தீர்மானிப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

சமையல் கேட்டவர்களுக்கு: நெஞ்சுக்கறி கருஞ்சிவப்பாக இருக்கும், அதிகம் வெந்தால் ரப்பராகிவிடும். இங்கே எல்லாரும் ஹாலபீனோ மிளகாய், கிரீம் சீஸ் வைத்து பேக்கன் சுற்றிச் சுடுவார்கள். நான் சின்ன வெங்காயம், நிறைய மிளகு போட்டு அதிகத் தீயில் சட்டென்று பிரட்டி எடுத்துவிடுவேன். ஈயக் குண்டு உள்ளே இருக்கும், ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா தொடவே இல்லை. சிபிச் சக்கரவர்த்தி சதையை அறுத்துக் கொடுத்துக் காப்பாற்றிய பறவைடி என்றார். அம்மா இருந்தவரை வீட்டில் புறா சமைக்கவில்லை.

பயோனிலிருந்து:

பிரான்சின் இந்தத் தென்மேற்கு மூலையில் அக்டோபர் வந்தால் ஊரே காட்டில்தான். பைரனீஸ் மலையைத் தாண்டி ஸ்பெயினுக்குப் போகும் பெரிய மரப்புறாவுக்காக மரத்தின் மேல் பரண் கட்டி, தரையில் பெரணி இலை வேய்ந்த நீளமான சுரங்கப்பாதை அமைத்து, பழக்கிய புறாக்களைக் கயிற்றால் அசைத்துக் கூட்டத்தை இறக்குவார்கள். பரணுக்குப் போகிறவர் தூரத்திலேயே விசில் அடித்து, பதில் வந்த பிறகுதான் நடக்க வேண்டும். பாதி நாள் அசையாமல் உட்கார்ந்து ஒன்றும் இறங்காமல் திரும்பியவர்கள்கூட முகம் மலர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் எச்சலார் கிராமத்தில் துப்பாக்கியே இல்லாமல் வலையால் பிடிக்கிறார்கள். உயர்ந்த மேடையில் நிற்பவர் வெள்ளை மட்டை ஒன்றை வீசுகிறார். வல்லூறு பாய்கிறது என்று பயந்து கூட்டம் தாழ இறங்கிக் கணவாயில் கட்டிய வலைக்குள் போகிறது. பல நூற்றாண்டுப் பழக்கம். நேரில் பார்த்தபோது அந்த வீச்சின் துல்லியத்தில் அசந்துபோனேன்.

ஆனால் ஐரோப்பியத் தவிட்டுப்புறா வேறு கதை. எண்ணிக்கை வெகுவாகச் சரிந்ததால் 2020இல் அதன் வேட்டைக்கான அனுமதியை பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பக்கத்து வீட்டு வேட்டைக்காரர் கோபப்பட்டார். நீதிமன்றம் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

தென்காசியிலிருந்து:

இங்கே 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகும் சிறு வேட்டைக்கு உரிமம் என்று ஒன்று இருந்தது. 1991 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். இன்று ஒரு மணிப்புறாவைப் பிடித்தாலும் குற்றம்தான். என் தாத்தா காலத்தில் சுட்டவர்கள் உண்டு. தண்ணீர் குடிக்க இறங்கிய புறாவைச் சுடக் கூடாது என்பது அவர்களுடைய கட்டு. அண்ணனிடம் ஒரு கேள்வி: நம்மூர்க் கள்ளிப்புறா அமெரிக்காவிலும் இருப்பதாகச் சொல்கிறார்களே, அதற்கும் இந்தக் கணக்குதானா?

டல்லாஸிலிருந்து:

இல்லை தம்பி. 1970களில் பஹாமாஸில் கூண்டிலிருந்து வெளியேறி, 1980களில் ஃபுளோரிடாவுக்கு வந்து, இங்கே வரை பரவிய அந்நியப் பறவை அது. டெக்சாஸில் அதற்குப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. உரிமம் மட்டும் வேண்டும். கழுத்தின் பின்னால் கறுப்புப் பட்டை, சதுரமாக முடியும் வால் இரண்டையும் பார்த்து உறுதி செய்த பிறகுதான் துப்பாக்கியைத் தூக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 15இல் ஒன்றாகவே எண்ணிக்கொள்வது என் வழக்கம்.