விஏ (அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை) மருத்துவமனை டெண்டர் – அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் மச்சான் அமெரிக்க ராணுவத்தில் காயம்பட்டு வெளியே வந்தவர். இப்போது டெக்சாஸில் சக்கர நாற்காலி விற்கும் சின்ன நிறுவனம் நடத்துகிறார். பணியில் காயம்பட்ட முன்னாள் படைவீரரின் சிறு நிறுவனம் என்று எஸ்பிஏ (அமெரிக்க அரசின் சிறுதொழில் அமைப்பு) தந்த சான்றிதழ் கையில் இருக்கிறது.

இப்படிச் சான்றிதழ் பெற்ற இரண்டு நிறுவனங்களாவது நியாயமான விலைக்கு முன்வரும் என்றால், விஏ அந்த ஒப்பந்தத்தை இவர்களுக்குள்ளேயே ஒதுக்க வேண்டும். 2016 கிங்டம்வேர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதெல்லாம் சரி, சிக்கல் வேறு இடத்தில். இவர் தயாரிப்பவர் இல்லை, வாங்கி விற்பவர். அதனால் சரக்கு அமெரிக்கச் சிறு நிறுவனம் தயாரித்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த விதியிலிருந்து எஸ்பிஏ விலக்கு தர வேண்டும்.

சக்கர நாற்காலிக்கு அந்த விலக்கு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விலக்கை டெண்டர் அதிகாரிதான் கேட்க வேண்டுமா, நாமே விண்ணப்பிக்கலாமா? ஆலோசகர்கள் கேட்கும் கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், ப்ளீஸ்.