ஜெபிக்க வார்த்தையே வரவில்லை, என்ன செய்வது?

ஆறுதல் தேடி:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். என் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் நடக்கிறது, இதற்கு நடுவில் என் வேலையும் போய்விட்டது. சின்ன வயதிலிருந்தே சபையில் வளர்ந்தவள் நான், ஆனால் இப்போது முழங்கால் போட்டால் ஒரு வார்த்தை வருவதில்லை, வேதத்தைத் திறந்தால் ஒரே வசனத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் "விசுவாசம் இருந்தால் சுகம் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்படியென்றால் அவர் குணமாகாததற்கு நான்தான் காரணமா? விசுவாசத்தில் பலம் பெறுவது என்கிறார்களே, அது நிஜத்தில் எப்படி?

சாமுவேல்:
இல்லை சகோதரி, நீங்கள் காரணம் இல்லை. அப்போஸ்தலன் பவுல் தன் மாம்சத்திலிருந்த முள், அதாவது தன்னை வாட்டிய ஒரு வேதனை, நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா? எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவிடம் வந்து காரணம் சொன்ன நண்பர்களைத்தான் கடைசியில் கர்த்தர் கண்டித்தார், யோபுவின் புலம்பலை அல்ல. வருகிறவர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

எஸ்தர்:
வார்த்தை வரவில்லை என்றால் வேதத்திலுள்ள சங்கீதங்களை, அந்த ஜெபப் பாடல்களின் வார்த்தையை, எடுத்துக்கொள்ளுங்கள். 150 சங்கீதங்களில் புலம்பல் வகைதான் அதிகம், ஆனால் நாம் ஆராதனையில் துதிப் பகுதிகளையே வாசித்துப் பழகியதால் கஷ்டம் வரும்போது தேவனிடம் முறையிடுவது பாவம் போலத் தோன்றுகிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் நேராகவே கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் கடுமையானது, ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமல் அப்படியே முடிந்துவிடும். இருந்தும் அது வேதத்தில் இருக்கிறது, அதைப் பாடியவன் கடைசிவரை தேவனைப் பார்த்தேதான் பேசுகிறான். உங்கள் கோபத்தையும் அவரிடமே சொல்லுங்கள். என்னைக் கேட்டால் அதுவும் விசுவாசம்தான்.

தாவீது:
எஸ்தர் சிஸ்டர் சொல்வது சரி, ஆனாலும் புலம்பலிலேயே இருந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. பவுலும் அவரோடு ஊழியம் செய்த சீலாவும் அடிபட்டு, சிறையில் கால்கள் தொழுமரத்தில் (கால்களைப் பூட்டும் கட்டையில்) மாட்டியிருந்த நிலையில் நடுராத்திரியில் துதித்துப் பாடினார்களே. துதிக்கத் தொடங்கினால் மனம் தானாக மாறும்.

எஸ்தர்:
பிரதர், அங்கே இரண்டு பேர் சேர்ந்து பாடினார்கள். இந்தச் சகோதரி தனியாக இருக்கிறார். நடக்க முடியாத ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கினபோது, இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று மாற்கு 2இல் இருக்கிறது. ஒருவருக்கு முடியாதபோது மற்றவர்கள் சுமப்பதற்குத்தானே சபை. சகோதரி, உங்களுக்காக நாங்கள் ஜெபிக்கிறோம், இப்போதைக்கு நீங்கள் ஆமென் மட்டும் சொன்னால் போதும்.

மரியா:
நான் ஒரு செவிலியர், அதனால் வேறொன்று சொல்கிறேன். எலியா தீர்க்கதரிசி "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி கொடுத்தான். தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் தங்கள் உடம்பைக் கவனிப்பதே இல்லை. நீங்கள் தூங்குகிறீர்களா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? தூக்கமே வராமல், வாழ்ந்து என்ன என்று தோன்றினால் தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரிடம் சொல்லுங்கள், அது அவிசுவாசம் ஆகாது. சபையில் யாராவது "ஏதாவது வேண்டுமா" என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். "இந்த வாரம் ஒரு நாள் டயாலிசிசுக்கு அவரோடு நீங்கள் போக முடியுமா?" என்று நேராகவே கேளுங்கள்.

ஆறுதல் தேடி:
எல்லோருக்கும் நன்றி. சரியாகத் தூங்கவில்லை என்பது உண்மைதான் மரியா அக்கா. போதகரின் மனைவியிடம் இப்போதுதான் பேசினேன், வியாழக்கிழமை அவர்கள் கூடப் போகிறார்கள். 88ஆம் சங்கீதத்தை என் கணவருக்கும் வாசித்துக் காட்டலாமா, மனம் உடைந்துவிடுவாரா?

எஸ்தர்:
முதலில் 13ஐ வாசியுங்கள், ஆறே வசனம்தான். அவரே இன்னும் கேட்டால் 88க்குப் போங்கள்.