வலது ஹெட்லைட் மட்டும் சிவந்து எரியுது, மீட்டரில் ஹை பீம் விளக்கும் லேசா தெரியுது

செங்கை_ஹேட்ச்பேக்:
2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். எச்4 ஹாலோஜன் (லோ, ஹை ரெண்டு இழையும் ஒரே பல்பில்), 60/55 வாட் (ஹை/லோ). லோ பீம் போட்டா இடது பக்கம் பளிச். வலது பக்கம் செல் தீர்ந்த டார்ச் மாதிரி சிவந்து நிக்குது. ஹை பீம் போடாமலே மீட்டரில் நீல விளக்கு மங்கலா தெரியுது. இடது பல்பை வலதில் மாத்திப் போட்டாச்சு, மாற்றமில்லை. ஃப்யூஸ் எல்லாம் சரி. கடையில் 100/90 பல்ப் இல்லன்னா எல்இடி போடச் சொல்றாங்க. லென்ஸும் மஞ்சள் பூத்திருக்கு. எதுல ஆரம்பிக்கலாம்?

வயரிங்_வாத்தியார்:
பல்பு வாங்காதீங்க சார், எர்த் (கரண்ட் பாடி வழியா பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புற இணைப்பு) போயிருக்கு. நீல விளக்கே அதைச் சொல்லிடுச்சு.

எச்4 பல்பில் லோ, ஹை ரெண்டு இழைக்கும் எர்த் பின் ஒண்ணுதான். அந்த எர்த் விட்டுப்போனா, லோ இழை வழியா வர்ற கரண்ட் வெளியேற வழியில்லாம ஹை இழைக்குள்ள பின்பக்கமா நுழைஞ்சு, ஹை பீம் வயரைப் பிடிச்சு, இடது பல்பின் ஹை இழை வழியா எர்த்துக்குப் போகும். அதே வயரில்தான் மீட்டர் விளக்கும் தொங்குது. மூணு இழை தொடரா நிக்கிறதால ஒண்ணுக்கும் முழு வோல்ட் கிடைக்காது.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைங்க. கப்ளரை (பல்பு பின்னால மாட்டுற வயர் சாக்கெட்) கழட்டாம, லோ பீம் எரியும்போதே அளக்கணும்; கழட்டி அளந்தா லோடு இல்லாததால எல்லாம் நல்லதாவே காட்டும். கருப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை கப்ளர் பின்னால எர்த் வயரில் (பெரும்பாலும் கருப்பு வயர்). 0.2 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். பிறகு பேட்டரி பாசிட்டிவுக்கும் லோ பீம் பின்னுக்கும் நடுவே அளங்க. அரை வோல்ட்டைத் தாண்டினா சப்ளை பக்கமும் வேலை இருக்கு.

ஒரு எச்சரிக்கை: சில கார்களில் சுவிட்ச் நெகட்டிவ் பக்கம் இருக்கும், பொதுப் பின்னில் 12 வோல்ட் வரும். உங்க வண்டியில் அப்படின்னா பாசிட்டிவ் பக்கம்தான் தேடணும்.

செங்கை_ஹேட்ச்பேக்:
எர்த் வயரில் 6.2 வோல்ட் காட்டுது! கப்ளர் ஓரமும் பழுப்பா கருகியிருக்கு.

வயரிங்_வாத்தியார்:
அதேதான். வயரைப் பிடிச்சுக்கிட்டே போங்க. ஃபெண்டர் உள்பக்கமோ ரேடியேட்டர் சட்டத்திலோ பெரும்பாலும் 10 எம்எம் போல்ட்டில் முடியும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு போல்ட்டை எடுத்து, லக்கையும் (வயர் முனையில் இருக்கிற வளையம்) பாடியையும் உலோகம் மினுங்குற வரை உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. இறுக்கின பிறகு மேலே வாஸ்லின் தடவுங்க. கருகின கப்ளரைச் சுரண்டிப் பயனில்லை, உள்ளே டெர்மினல் இறுக்கம் போயிருக்கும். செராமிக் எச்4 ஹோல்டர் வாங்கி கிரிம்ப் பண்ணி (உலோகக் குழலில் வயரை அழுத்தி இணைச்சு), மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்குற குழாய்) போடுங்க. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தினா அடுத்த மழைக்கே திரும்ப வரும்.

சட்டமும்_சக்கரமும்:
அந்த 100/90 யோசனையை விட்டுடுங்க. 60 வாட் இழை 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும். 100 வாட் 8 ஆம்பியரைத் தாண்டும். சுவிட்சும் கப்ளரும் அதுக்காகச் செஞ்சதில்லை, ரிஃப்ளெக்டர் பூச்சும் சூட்டில் உரியும்.

எல்இடி கதை வேற. எச்4 பல்புக்குள்ள லோ இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் மேலே ஏறாம வெட்டுறது அதுதான். ஹாலோஜனுக்கு வடிவமைச்ச ரிஃப்ளெக்டரில் எல்இடி சில்லு இழை இருந்த இடத்தில் சரியா உட்காராது, எதிரே வர்றவர் கண்ணில் அடிக்கும். மத்திய மோட்டார் வாகன விதி 106 தெளிவா இருக்கு: 8 மீட்டர் தூரத்தில், விளக்குக்கு அரை மீட்டர் வலப்பக்கம், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூசவைக்கக் கூடாது. அனுமதியில்லாத மாற்றத்துக்குச் மோட்டார் வாகனச் சட்டப்பிரிவு 182ஏ(4) படி மாற்றம் ஒண்ணுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும்.

பல்பு மாத்தினா அதே 60/55தான், ஜோடியாவே மாத்துங்க. கண்ணாடிக் குமிழைத் தொடாதீங்க. விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகமா சூடேறி ஆயுள் குறையும். பட்டுட்டா ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைங்க. பல்பு விளிம்பில் இருக்கிற மூணு காதும் குழியில் உட்கார்ந்த பிறகே ஸ்பிரிங் கிளிப்பை மாட்டணும். கோணலா உட்கார்ந்தா வெளிச்சம் மரக்கிளைக்குப் போகும்.

செங்கை_ஹேட்ச்பேக்:
போல்ட் முழுக்க பச்சை பூத்திருந்தது. தேய்ச்சு ஹோல்டரும் மாத்தினதும் 0.1 வோல்ட். நீல விளக்கு அணைஞ்சுடுச்சு, ரெண்டு பக்கமும் ஒரே வெளிச்சம். நன்றி வாத்தியாரே. லென்ஸுக்கு பேஸ்ட் போதுமா?

பாலிஷ்_பட்டறை:
பேஸ்ட் சில வாரம் தாங்கும். மேலே இருக்கிற யுவி பூச்சு போனதாலதான் பாலிகார்பனேட் மஞ்சளாகுது. சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு, தண்ணீர் விட்டு 1000, 2000, 3000 நம்பர் தாளில் வரிசையாத் தேய்ங்க. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கிற திசையை மாத்தினா பழைய கோடு மிஞ்சியிருக்கிறது கண்ணுக்குத் தெரியும். பிறகு பாலிஷ் காம்பவுண்ட், கடைசியா யுவி கிளியர் கோட். அந்தக் கோட் இல்லன்னா பண்ணின வேலையெல்லாம் வீண். மங்கல் உள்பக்கமோ, ரிஃப்ளெக்டர் வெள்ளி உரிஞ்சோ இருந்தா யூனிட்டையே மாத்தணும்.

சட்டமும்_சக்கரமும்:
கையோட பீமையும் பாருங்க. சமதரை, டயர் காற்று சரியா, டிரைவர் சீட்டில் ஒருத்தர், லெவலிங் திருகு (உள்ளேயிருந்து பீம் உயரம் மாத்துற குமிழ்) 0. சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கு மைய உயரத்தைச் சுவரில் டேப்பால் குறிங்க. லோ பீமின் வெட்டுக்கோடு (வெளிச்சம் மேலே முடியுற கோடு) அதுக்கு 7.5 சென்டிமீட்டர் கீழே விழணும், அதாவது 1 சதவீதம். விளக்கு மேலேயே வேற சதவீதம் அச்சிட்டிருந்தா அதைப் பிடிங்க. கோடு இடது பக்கம் மட்டும் ஏறும், நாம இடப்பக்கம் ஓட்டுறதால. வலது பக்கம் ஏறினா பல்பு கிளிப்பைத் திரும்பப் பாருங்க.