இடிக்குப் பிறகு ஹோம் தியேட்டரில் சத்தம் இல்லை, அவசரம்!

கல்லடிக்காரன்:
நேற்றுப் பின்னேர இடியில் ஹோம் தியேட்டர் போய்விட்டது. இடிக் கரண்டைத் தடுக்கிற சேர்ஜ் கார்ட் உள்ள மல்டி ப்ளக்கில்தான் போட்டிருந்தேன், நல்ல விலை கொடுத்து வாங்கியது. இதைவிடத் திறமானது எது? கெதியாகச் சொல்லுங்கள் அண்ணமார், ஐப்பசி இன்னும் முடியவில்லை.

ஏறாவூர் காக்கா:
தம்பி, போய்விட்டது என்றால்? லைட்டே எரியவில்லையா, எரிந்தும் சத்தம் இல்லையா? எர்த் இருக்கிறதா? டீவிக்கு டிஷ்ஷா?

கல்முனை வயர்மேன்:
எர்த்தான் பிரச்சினை, பார்க்கவே தேவையில்லை. சேர்ஜ் கார்ட்டுக்குள் இருக்கிற வேரிஸ்டர் தள்ளிவிடுகிற கரண்டுக்குப் போக்கிடம் வேண்டாமா? கல்லடி மணல் காய்ந்தால் எர்த் கம்பி பேருக்குத்தான் நிற்கும், கிளாம்பை உப்புக்காற்று தின்றுவிடும்.

பழைய ரேடியோ:
இதற்குப் பதில் எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. சுவிட்சை ஓஃப் பண்ணிவிட்டுப் படுக்கிறீர்கள். மேகத்திலிருந்து பாய்ந்து வருவது அந்தச் சில மில்லிமீட்டர் இடைவெளியைக் கண்டு நின்றுவிடுமா? ப்ளக்கைக் கழற்ற வேண்டும். மல்டி ப்ளக்கில் காவல் லைட் அணைந்திருந்தால் வேரிஸ்டர் செத்துவிட்டது, கரண்ட் மட்டும் பெரும்பாலும் வந்துகொண்டே இருக்கும். இதெல்லாம் அரிச்சுவடி.

அக்கரைப்பற்று சவுண்ட்:
ஸ்டெபிலைசர் போடுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம். எங்கள் வீட்டில் அதைப் போட்ட பிறகு பேஸ் இறுகி வருகிறது.

பழைய ரேடியோ:
ஸ்டெபிலைசர் அசைவதற்குள் இடி வந்து போய்விடும், அது மைக்ரோசெக்கன் கணக்கு. பேஸ் இறுகுகிறதாம்!

அக்கரைப்பற்று சவுண்ட்:
இரவில் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கி பேன் இழுத்து இழுத்துச் சுற்றும். காது இருந்தால் வித்தியாசம் கேட்கும் ஐயா.

பழைய ரேடியோ:
காது இருக்கிறது, மீட்டரும் இருக்கிறது.

கல்லடிக்காரன்:
லைட் எரியுது. புளூடூத்தில் பாட்டும் படிக்குது. டீவிச் சத்தம்தான் இல்லை. டிஷ் கூரையில்.

ஏறாவூர் காக்கா:
இதை முதலே சொல்லியிருக்கலாமே! அப்போ கரண்ட் வயரால் வந்ததாகத் தெரியவில்லை. டிஷ் கேபிளால் இறங்கி, பெட்டிக்குள் போய், டீவிக்குப் போய், மறுகா எச்டிஎம்ஐ வயரால் உங்கள் செட்டுக்குள் வந்திருக்கும். மல்டி ப்ளக் முன்வாசலில் காவல் நிற்க, கள்ளன் கொல்லையால் வந்த கதை. எச்டிஎம்ஐ வாய் டீவியில் எரிந்ததா செட்டில் எரிந்ததா என்று கடையில் பார்க்கட்டும். அதுவரை ஒப்டிகல் வயர் குத்திப் பாருங்கள், அதற்குள்ளே வெளிச்சம்தான் போகும், கரண்ட் போகாது. இனி வானம் இருண்டதுமே டிஷ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கின பிறகு அதில் கை வைக்க வேண்டாம்.

கல்முனை வயர்மேன்:
அப்படியென்றாலும் எர்த்தான். டிஷ் கம்பத்தை வீட்டு எர்த்தோடு சேர்த்துக் கட்டவேண்டும். அதற்குத் தனியாக ஒரு கம்பி அடித்து அப்படியே விட்டால், இடி நேரத்தில் இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் ஏறி, சாமான்தான் அடிபடும். கரண்ட் பக்கத்துக்கு மெயின் பெட்டியிலேயே இடிக் கரண்டை எர்த்துக்குத் திருப்பிவிடுகிற ஒரு எஸ்பிடி போடலாம்.

அக்கரைப்பற்று சவுண்ட்:
ஒப்டிகலில் சத்தம் மெலிந்துதான் வரும்.

பழைய ரேடியோ:
தொடங்கிவிட்டார்.

கல்லடிக்காரன்:
ஒப்டிகலில் வருது. நன்றி காக்கா.

ஏறாவூர் காக்கா:
சந்தோஷம். டிஷ் கம்பத்துக்கு எர்த் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

கல்முனை வயர்மேன்:
தம்பி?