காட்டுக்குள் டிஸ்க் கோல்ஃப்: உங்கள் அனுபவம் என்ன?

டிஸ்க் கோல்ஃப் என்றால் பிளாஸ்டிக் வட்டை எறிந்து, முடிந்தவரை குறைந்த வீச்சில் கூடைக்குள் போடுகிற ஆட்டம். அதை வெட்டவெளியில் ஆடுவதா, மரங்களுக்கு நடுவே ஆடுவதா என்று போன வாரம் இங்கே ஒருவர் கேட்டிருந்தார். வட கரோலினாவின் சார்லட்டில் நாலு வருஷமாக வட்டு எறிகிறேன், பெரும்பாலும் காட்டுக்குள்தான், இந்தப் பக்கம் அதுதான் அதிகம். இந்த ஆட்டத்தின் 2012 உலகச் சாம்பியன்ஷிப் நடந்த ஊர் என்பதால் ஆட இடத்துக்குப் பஞ்சமில்லை.

முதல் நாள் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். கடையில் இருந்ததிலேயே வேகமான டிரைவர் (தூரம் வீசுகிற வட்டு), வேக எண் 12, அதை வாங்கிக்கொண்டு போய் முதல் டீயில், அதாவது வீச்சைத் தொடங்கும் இடத்தில், நின்று உள்ள பலத்தையெல்லாம் திரட்டி வீசினேன். இருபதடி தள்ளி ஒரு பைன் மரம். ‘டொக்.’ வட்டு என் காதுக்குப் பக்கத்தில் பறந்து எனக்குப் பின்னால் போய் விழுந்தது. அதாவது ஒரு வீச்சைச் செலவழித்து, கூடையை விட்டு இன்னும் தள்ளிப் போயிருக்கிறேன். கூட வந்தவர் சிரிக்கக்கூட இல்லை, பையிலிருந்து ஒரு பட்டரை, மெதுவாக நேராகப் போகிற வட்டை, எடுத்து நீட்டினார், அவ்வளவுதான்.

எனக்குக் காடு பிடித்துப்போனதே அதனால்தான். 400 அடி வீசுகிற ஆளும் 220 அடி வீசுகிற நானும் அங்கே ஒன்று, இரண்டு மரத்துக்கு நடுவே பத்தடி இடைவெளியில் நேராக விடத் தெரிந்தவன்தான் பிழைப்பான். காற்று தொல்லை கிடையாது. ஜூலை வெயிலில் திறந்த மைதானத்தில் ஒன்பதாவது கூடைக்குள் நாக்குத் தள்ளிவிடும், காட்டுக்குள் பதினெட்டையும் முடித்துவிடலாம்.

ஆனால் எல்லாக் காடும் ஒன்றில்லை. சில இடங்களில் வழியே விட்டிருக்க மாட்டார்கள், மரம் மரமாக நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு ‘முருகா’ என்று வீச வேண்டியதுதான். நன்றாக வீசியவனும் மோசமாக வீசியவனும் ஒரே மரத்தில் அடிபட்டால் அது ஆட்டமா, லாட்டரியா? வழி ஒடுக்கமாக இருக்கட்டும், வழி என்று ஒன்று வேண்டும்.

அப்புறம் தேடுவது. தொலைந்த வட்டைத் தேட விதிப்படி மூன்றே நிமிஷம், கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு அபராதம், பழைய இடத்திலிருந்தே மறுபடி வீச வேண்டும். நவம்பரில் ஓக் இலையெல்லாம் கொட்டிக் கிடக்கும்போது ஆரஞ்சு வட்டோடு போய்ப் பாருங்கள், கண்ணெதிரே விழுந்தது இலைக்கடியில் சறுக்கிப் போய்விடும். காலால் துழாவிக்கொண்டே நடக்க வேண்டும், அதிலும் அதே நிறத்தில் காப்பர்ஹெட் என்ற விஷப் பாம்பு இருக்கிற ஊர் இது. நான் இப்போது நீல வட்டுதான் எடுத்துப் போகிறேன், அடியில் மார்க்கரால் போன் நம்பர். ஒரு தடவை தொலைந்தது அடுத்த மார்ச்சில், இலையெல்லாம் மக்கின பிறகு, யாரோ எடுத்துக் கூப்பிட்டார்.

மழை பெய்த மறுநாள் மட்டும் போகாதீர்கள். செம்மண் களி, மேலே வேர். நான் கணுக்கால் சுளுக்கி மூன்று வாரம் உட்கார்ந்தேன்.

மறுமொழி 1

அண்ணே, மசாசூசெட்ஸ் பக்கம் பாம்பை விட உண்ணிதான் பயம். வசந்த காலத்து உண்ணிக் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும், கடிப்பதே தெரியாது, லைம் நோய் வந்தால் பாடு. பேண்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொண்டு ஆடுகிறேன், பார்க்கச் சகிக்காது, பரவாயில்லை. லெஸ்டரில் இருக்கிற மேப்பிள் ஹில் போயிருக்கிறீர்களா? கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கிற பண்ணையில் போட்ட களம். நீங்கள் சொல்கிற அந்த ‘வழி’ அங்கே இருக்கும், ஆனால் நமக்கு அது தெரியவே ரெண்டு மூணு ரவுண்டு ஆகும்.

மறுமொழி 2

நான் ஆடுவது கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில், டெலவியாகா என்ற களத்தில். ஓக் மரமும் பள்ளத்தாக்குமாக இருக்கும், 1984-இல் இருந்து ஆடுகிறார்கள். பள்ளத்தில் உருண்ட வட்டை எடுக்க ஒரு ஜனவரியில் இறங்கினேன். இலையே இல்லாத குச்சிகள்தானே என்று விலக்கிக்கொண்டே போனேன். பாய்சன் ஓக், தொட்டாலே அரித்துக் கொப்புளிக்கிற செடி! இலை உதிர்ந்தாலும் அந்தக் குச்சியில் எண்ணெய் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ரெண்டு நாள் கழித்து முழங்கை வரை கொப்புளம், பத்து நாள் தூக்கமில்லை. ஆறியதும் வட்டைப் பையிலிருந்து எடுத்தேன், திரும்பவும் அரிப்பு. அந்த எண்ணெய் வட்டிலும் ஒட்டியிருந்திருக்கிறது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும்.

இருந்தாலும் 27-ஆவது டீயை, ‘டாப் ஆஃப் த வேர்ல்ட்’ என்பார்களே, அதைப் பார்த்திருக்கிறீர்களா? அவ்வளவு நேரம் மரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு அங்கே ஏறி நின்றால் தூரத்தில் கடல் தெரியும். அங்கிருந்து கீழே வீசின வட்டு விழுவதற்குள் ஒரு மூச்சு இழுத்து விடலாம். போன மாதம் அந்த வட்டும் பள்ளத்தில்தான் போய் விழுந்தது, நான் இறங்கவில்லை.