மழையில் ஏலகிரி: பெரிய பஸ்ஸா, ரெண்டு வேனா?

ஐப்பசி மழையில் கிருஷ்ணகிரியிலிருந்து 40 பேர் ஏலகிரிக்கு ஒருநாள் போறோம்; பர்கூர், நாட்டறம்பள்ளி, பொன்னேரி வழி. மலையில் 14 கொண்டை ஊசி வளைவு. பெரிய பஸ் ஒரே ஒடிப்பில் திரும்புமா, பின்னால் எடுத்துத் திருப்பணுமா? ஓட்டினவங்க சொல்லுங்க.

ஜன்னலை அடைச்சதும் 40 பேர் மூச்சில் கண்ணாடி உள்ளே பனிச்சிடும். வைப்பர் ஓடியும் பயனில்லை, பள்ளத்தாக்கும் தெரியாது. ஏசி காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினா ஈரத்தை வாங்கிடும். ஏசி இல்லாத வண்டிக்கு என்ன வழி?

இறக்கத்தில் இரண்டாம் கியர்தான். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா டிரம் சூடாகிப் பிடிப்பு போயிடும். இருட்டுமுன் இறங்க மேலே 4 மணிக்குக் கிளம்பினா போதுமா? மழையில் 40 பேர் ஒதுங்கிச் சாப்பிட இடமும் சொல்லுங்க.